அளந்த கிணறும் அளக்காத மோட்டாரும்

நாடாவை உள்ளே விடுவதற்கு முன், நீர்மட்டம் அளக்க வந்தவர் கிணற்றின் கைப்பிடிச் சுவரை அளந்தார். எண்பது சென்டிமீட்டர். பிறகுதான் நாடா இறங்கியது. நுனியிலிருந்த உலோகக் குண்டு தண்ணீரைத் தொட்டதும் கையிலிருந்த சுருள்பெட்டி 'பீப்' என்று கத்தியது. கொஞ்சம் மேலே இழுத்து, மறுபடி இறக்கி, அதே இடத்தில்தான் கத்துகிறதா என்று பார்த்துக்கொண்டார். 23.25 மீட்டர். சுவரின் உயரம் போக நோட்டில் ஏறிய எண் 22.45. நிலத்தடி நீரைத் தரையிலிருந்து எண்ண வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். சுவரைக் கழிக்க மறந்தால், அந்தக் கிணறு பதிவேட்டில் பல ஆண்டுகளுக்கு 80 சென்டிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டம். சித்திரைக் கடைசி. தோட்டக்காரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இந்தக் கெணறு மட்டும் போதுங்களா? அந்தப் பக்கம் மூணு போர் கெடக்குதுங்களே, அதையும் அளப்பீங்களா?"

"அது நம்ம லிஸ்ட்ல இல்லீங்க."

அடுத்த தென்னந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தம் இங்கே வரை கேட்டது. அது எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, எவ்வளவு இறைத்தது என்பது எந்த நோட்டிலும் ஏறாது. கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை அரை அங்குலச் சுத்தமாக அளக்கிறோம். அதை அங்கே நிறுத்திய காரியத்தை, அதாவது எடுப்பை, ஊகிக்கிறோம். இயற்கை வளப் பயன்பாட்டை அளப்பது பற்றிப் படிக்கப் படிக்க, சிக்கல் முழுவதும் அந்த இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலுள்ள வரப்பில் கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

*

உலகம் எவ்வளவு வளத்தைத் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1970இல் பூமியிலிருந்து எடுக்கப்பட்ட மூலப்பொருள்கள் 3,000 கோடி டன். அறிக்கை வந்தபோது அது 10,600 கோடி டன். மணல், சல்லி, நிலக்கரி, எண்ணெய், இரும்புத் தாது, நெல், மரம், புல் எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் மட்டும் இல்லை. மறதியால் விடவில்லை, தெரிந்தே விட்டார்கள். தண்ணீரைத் தராசில் ஏற்றினால் அதன் எடையில் மற்றதெல்லாம் காணாமல் போய்விடும். மலையை நிறுக்கும்போது அதன் மேல் நிற்கும் ஆட்டை யார் கவனிப்பார்கள்? ஆகவே தண்ணீருக்கென்று தனிக் கணக்கு வைத்தார்கள். 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் மூலப்பொருள் பன்னிரண்டாவதில் வருகிறது, தண்ணீர் ஆறாவதில்.

ஆறாவது இலக்கில் 'நீர் நெருக்கடி' என்றொரு அளவுகோல் உண்டு. ஒரு நாட்டில் கிடைக்கும் நீரில், ஆறுகள் ஓடத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, மீதியில் எத்தனை சதவீதத்தை எடுக்கிறோம் என்பதுதான் அது. இந்தியாவில் நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஏறத்தாழ இதே மாதிரி ஒரு விகிதம் போடுகிறது. 2024 மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சேரும் நீர் 446.90 பில்லியன் கன மீட்டர். அதில் எடுக்கத்தக்கது 406.19. எடுத்தது 245.64. ஆகவே 60.47 சதவீதம்.

நமக்குப் பழகிய டி.எம்.சி.யில் சொன்னால் எடுத்தது சுமார் 8,670. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47. கிட்டத்தட்ட 93 மேட்டூர் அணைகளை நிரப்பி நிரப்பி வடித்தது போல. உலகத்தில் வேறெந்த நாடும் இவ்வளவு நிலத்தடி நீரை எடுப்பதில்லை. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்தும் எடுப்பதில்லை.

அறுபது சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இன்னும் நாற்பது பாக்கி இருக்கிறதே என்று ஓர் அமைச்சர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அசாமின் அடியிலுள்ள தண்ணீர் பஞ்சாபின் மோட்டாருக்கு ஏறாது. பஞ்சாப் தனக்கு எடுக்கத்தக்கதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் எடுக்கிறது. தமிழ்நாடு எழுபதைத் தாண்டி நிற்கிறது. இங்கே கணக்குப் போடும் அலகு பிர்கா, அதாவது குறுவட்டம். 2017 மதிப்பீட்டில் மொத்தம் 1,166 பிர்காக்கள். அவற்றில் 462இல் எடுப்பு நூறு சதவீதத்துக்கு மேல். நாட்டின் சராசரி, மாநிலத்தின் சராசரி, பிர்காவின் சராசரி என்று கீழே இறங்க இறங்க நிம்மதி குறைந்துகொண்டே வரும். பிர்காவோடு நின்றுவிடுகிறோம். அதற்குக் கீழே தோட்டம்தான் இருக்கிறது, அங்கே கணக்கு இல்லை.

*

இந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது நல்லது. 1984இல் ஒரு குழு வழிமுறை வகுத்தது. 1997இலும் 2015இலும் திருத்தினார்கள். எலும்புக்கூடு எளிமையானது. மழைக்கு முன் நீர்மட்டம் எங்கே இருந்தது, மழைக்குப் பின் எங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். எத்தனை மீட்டர் ஏறியதோ அதைப் பரப்பால் பெருக்க வேண்டும். அப்புறம், அந்த நிலம் தன் உடம்பில் எத்தனை பங்கு தண்ணீரைப் பிடித்து விட்டுக்கொடுக்கும் என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும்.

அந்த விகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காவிரி டெல்டாவின் மணற்பாங்கான வண்டலில் நூறு பங்குக்குப் பத்துக்கும் மேல் தண்ணீர் கிடைக்கலாம். கொங்கு நாட்டிலும் தருமபுரி, சேலம், திண்டுக்கல் பக்கமும் அடியில் கிடப்பது பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சிதைந்த கருங்கல்லுக்கு வழிமுறை பரிந்துரைக்கும் விகிதம், களி கலந்திருப்பதைப் பொறுத்து, ஒன்றரை முதல் மூன்று சதவீதம்.

ஒரு சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் 4 மீட்டர் ஏறியது. ஏறிய இடத்தின் கன அளவு 40 லட்சம் கன மீட்டர். ஒன்றரை சதவீதம் என்றால் சேர்ந்த தண்ணீர் 60,000 கன மீட்டர். மூன்று சதவீதம் என்றால் 1,20,000. கிணற்று நீரை மட்டும் நம்பி ஒரு ஏக்கர் நெல் விளைவிக்க, வயலில் 120 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவதாக வைத்தால், 4,850 கன மீட்டர் வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 247 ஏக்கர். முதல் கணக்கில் அதில் 12 ஏக்கருக்குத்தான் நெல் வைக்க முடியும். இரண்டாவது கணக்கில் 24 ஏக்கருக்கு மேல். வயலில் கட்டிய நீரில் ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள் இறங்கும் என்பதையும் சேர்த்தால் எண் கொஞ்சம் கூடும். ஆனால் பாருங்கள், நாடாவைப் பிடித்தவர் அரை அங்குலத்துக்கு உழைத்தார். அட்டவணையிலுள்ள ஒரு விகிதம் விடையை இரட்டிப்பாக்கிவிட்டது.

வழிமுறையில் இன்னொரு விதியும் உண்டு. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு நியாயமும் தெரிந்தது. நீர்மட்டத்தை வைத்துக் கண்ட சேர்மானமும், மழையளவில் இத்தனை பங்கு உள்ளே இறங்கும் என்று சூத்திரம் வைத்துக் கண்ட சேர்மானமும் 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், அளந்ததை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விலகினால் அளந்ததை ஓரமாக வைத்துவிட்டு, சூத்திரத்தின் விடையை 0.8 அல்லது 1.2ஆல் பெருக்கிப் போட வேண்டும். ஒரே ஒரு கிணற்றின் கோளாறு பிர்கா முழுவதையும் கவிழ்த்துவிடாமலிருக்க இந்தக் கடிவாளம். ஆனால் பாறைப் பூமியில் விலகல்தானே விஷயம்? ஐம்பது அடி தள்ளி இரண்டு போர் போட்டால் ஒன்றில் தண்ணீர் கொப்பளிக்கும், ஒன்றில் வெறும் கல்மாவு பறக்கும். எங்கள் பக்கத்தில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுகிற நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு இன்னும் மவுசு குறையாததற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சராசரி யாருக்கும் தண்ணீர் தருவதில்லை.

*

சேர்மானம் இப்படி என்றால், எடுப்பின் கணக்கு இன்னும் பலவீனமானது. கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு பருவத்துக்கு இவ்வளவு இறைக்கும் என்ற உத்தேச அளவால் பெருக்குவார்கள். பயிர்ப் பரப்பை வைத்தும் கணக்கிடலாம். மின்சாரச் செலவை வைத்தும் கணக்கிடலாம் என்று வழிமுறை சொல்கிறது. மூன்றாவது வழிதான் நேரானது. மோட்டார் பொய் சொல்லாது. எரித்த மின்சாரத்திலிருந்து ஏற்றிய தண்ணீரை ஓரளவுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மாதிரிக்காக மீட்டர் மாட்டிய சில இணைப்புகளை வைத்துக்கொண்டு, குதிரைத்திறனால் பெருக்கி, விவசாயத்துக்கு இவ்வளவு போயிற்று என்று போடுகிறார்கள். பதிவில் இருப்பது 5 குதிரைத்திறன், கிணற்றடியில் இருப்பது ஏழரை என்பது ஊரறிந்த ரகசியம். ஆக, மின்சாரத்தின் கணக்கு ஒரு மதிப்பீடு. அதன் மேல் நிற்கும் தண்ணீரின் கணக்கு மதிப்பீட்டின் மதிப்பீடு.

மீட்டர் மாட்டிவிட்டால் போயிற்று என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். கொங்கு நாட்டில் மீட்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1970இல் ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயம்புத்தூரையே அடைத்தார்கள். விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பெயர் ஒரு தலைமுறைக்கே மந்திரமாக ஆனது அப்படித்தான். 2020இல் மின்சாரச் சட்டத் திருத்த வரைவு வந்தபோது சங்கங்களும் மாநில அரசும் ஒரே குரலில் எதிர்த்ததும் அந்த நினைவில்தான். மீட்டர் முதலில் வரும், பில் பின்னால் வரும் என்று விவசாயி நினைப்பதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளப்பவன் கேட்பான் என்பது பட்டறிவு. நிலத்தை அளந்தார்கள், தீர்வை வந்தது.

தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றியது. பதிவு, அனுமதி எல்லாம் அதில் இருந்தன. பத்து ஆண்டு நடைமுறைக்கே வராமல் கிடந்து, 2013இல் ரத்தானது.

மீட்டர் இல்லாததால் யார் சம்பாதிக்கிறார்கள், யார் இழக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பௌதிகத்தோடு பார்க்கலாம். பம்பு, மோட்டார், குழாய் எல்லாம் சேர்ந்து 40 சதவீதத் திறனோடு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். நீர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 1 யூனிட் மின்சாரம் ஏறத்தாழ 14,700 லிட்டரை மேலே கொண்டுவரும். 200 மீட்டர், அதாவது 650 அடியிலிருந்து என்றால் அதே யூனிட்டுக்கு 730 லிட்டர்தான். திறந்த கிணறு வைத்திருந்த தாத்தாவும் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் பேரனும் இறைக்கும் தண்ணீரில் இருபது மடங்கு மின்சார வித்தியாசம். பில் வந்திருந்தால் பேரன் என்றைக்கோ யோசித்திருப்பான். இலவசத்தில் அந்த வித்தியாசம் மின்வாரியத்தின் கடனில் போய் ஒளிந்துகொள்கிறது. வளம் தேய்வதை விலை சொல்லவில்லை, மீட்டரும் சொல்லவில்லை, வறண்ட போர் ஒருநாள் சொல்கிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. தாங்கிக்கொள்கிறவன் இன்னும் முந்நூறு அடி இறக்குவான். ரெண்டு ஏக்கர்க்காரன் திருப்பூருக்குப் பஸ் ஏறுவான்.

*

கீழேயிருந்து அளக்க முடியாததை மேலேயிருந்து அளந்த கதை ஒன்று உண்டு. 2002 மார்ச்சில் 'கிரேஸ்' என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்கள் கிளம்பின. ஒன்றையொன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் துரத்திக்கொண்டு பூமியைச் சுற்றின. அவற்றுக்குப் படமெடுக்கும் வேலை இல்லை. கீழே நிறை கூடிய இடம் வந்தால் முன்னால் போவது சற்று இழுபடும், இடைவெளி மாறும்; அந்த மாற்றத்தைத் தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய அளவுக்கு அளந்துகொண்டே போனால் எந்த இடத்தில் நிறை கூடுகிறது, குறைகிறது என்று தெரிந்துவிடும். மாதத்துக்கு மாதம் மலை இடம் மாறாது. மாறுவது பெரும்பாலும் தண்ணீர். பூமியைத் தராசில் வைத்துத் தண்ணீரை நிறுத்தார்கள் என்றே சொல்லலாம்.

நாசாவின் மேத்யூ ரோடெலும் கூட்டாளிகளும் 2009இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இந்தியாவை உலுக்கியது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லிப் பகுதி இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். ஆறு ஆண்டில் 41 மேட்டூர். அந்தக் காலத்தில் மழை பொய்த்திருக்கவில்லை என்பதுதான் முக்கியம். பழியை வானத்தின் மேல் போட வழியில்லை.

ஆனால் அந்தத் தராசின் தட்டு பெரிது. சில நூறு கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலப்பரப்பைத்தான் அது நிறுக்கும். பல்லடம் தாலுகா அதற்குப் புள்ளிகூட இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் நாடு தெரிகிறது, தோட்டம் தெரியவில்லை. நாடாவை இறக்கினால் ஒரு கிணறு தெரிகிறது, அடுத்த தோப்பு தெரியவில்லை.

பணக் கணக்கில் பார்த்தால் கதை தலைகீழாகிவிடும். போர் வண்டி என்றால் இந்தியா முழுக்கத் திருச்செங்கோடு. லாரியின் முதுகில் ரிக்கைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து கிளம்பாத திசை இல்லை. ஆப்பிரிக்கா வரை போயிருக்கின்றன. ஒரு தோட்டத்தில் வண்டி வந்து நின்று ஆயிரம் அடி இறக்கினால் அடிக்கூலி, கேசிங் பைப், கம்ப்ரஸருக்கு டீசல், சப்மெர்சிபிள் மோட்டார், கேபிள் என்று லட்சங்கள் புரளும். அத்தனையும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேரும். கிணறு வெட்டுவது முதலீடு. முதல் போர் வறண்டு இரண்டாவது போட்டால் வளர்ச்சி இன்னொரு மடங்கு. அடியில் குறைந்த தண்ணீரைக் கழிக்க அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. இதைச் சரிசெய்யத்தான் 2012இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கியலுக்கு ஒரு தரமுறையை ஏற்றது. பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்தியாவுக்கும் பசுமைக் கணக்கு வேண்டும் என்று 2013இல் அறிக்கை தந்தது. 2025இல் ஏற்கப்பட்ட புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளத் தேய்வையும் உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் கழிக்க ஓர் எண் வேண்டுமே. எடுப்பை அளக்காத இடத்தில் எதைக் கழிப்பது?

*

எண் இருந்தாலும் ஏமாறலாம் என்பதற்கு நொய்யல் ஆறு ஒரு பாடம். அதன் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று வந்தது. திருப்பூரின் சாயக் கழிவு வந்து தேங்கி, அணையே கழிவுத் தொட்டியானது. சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் இருந்தது. நாடாவை இறக்கினால் நல்ல எண் வந்திருக்கும். அந்தத் தண்ணீரை மாடு குடிக்காது, தென்னை தாங்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை உண்மையில் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நகரத்துக்காக இறைக்க இறைக்கக் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியதும் இதே வகை. பெருவாரி இடங்களில் நாம் ஆழத்தை அளக்கிறோம். தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பதில்லை.

விகிதங்களும் ஏமாற்றும். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு எவ்வளவு வருமானம் என்பது ஆறாவது இலக்கின் இன்னொரு அளவுகோல். சொட்டுநீர் போட்டால் அந்த எண் உடனே ஏறும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம். ஆனால் மிச்சமான தண்ணீரைப் பூமிக்கடியில் விட்டுவைக்க யாரும் சொட்டுநீர் போடுவதில்லை. இரண்டு ஏக்கருக்குப் போதிய தண்ணீர் இப்போது நான்கு ஏக்கருக்குப் பாயும். ஏக்கருக்கான செலவு பாதி. கிணற்றின் எடுப்பு அதே. வயலில் கட்டியபோது திரும்ப இறங்கிய பங்கும் இப்போது இறங்காது. அறிக்கையில் அம்புக்குறி மேலே போகும், கிணற்றில் நீர்மட்டம் கீழே போகும். சொட்டுநீரைக் குறை சொல்லவில்லை, என் தோட்டத்திலும் அதுதான். மொத்த எடுப்பைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

*

எண்களை அளப்பவரின் நோட்டிலிருந்து இறைப்பவரின் கைக்கு மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்று பக்கத்திலேயே நடந்தது. அன்றைய ஆந்திரத்தில் அனந்தபூர், சித்தூர், கடப்பை, கர்நூல், மஹபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்கள். 638 ஊர்கள். ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் துணையோடு 2003 வாக்கில் தொடங்கினார்கள். நம்மூரைப் போலவே பாறைப் பூமி, நம்மூரைப் போலவே மீட்டரில்லாத மின்சாரம்.

ஊருக்கு ஊர் மழைமானி வைத்தார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்தது விவசாயிகளுக்கு, பெண்களுக்கும் சேர்த்து. 15 நாளுக்கு ஒருமுறை நாடாவை இறக்கியதும் அவர்களே. எடுப்பை அளக்க எந்தக் கருவியும் வாங்கவில்லை. ஒரு டிரம்மைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தார்கள். அதை மோட்டார் ஓடும் நேரத்தால் பெருக்கினால் எடுப்பு வந்துவிட்டது. எண்கள் ஊரின் நடுவிலுள்ள பலகையில் எழுதப்பட்டன. தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் ஊர் கூடி உட்கார்ந்தது: இவ்வளவு சேர்ந்திருக்கிறது, எல்லோரும் நினைத்திருக்கிற பயிரை வைத்தால் இவ்வளவு வேண்டும், இவ்வளவு துண்டு விழுகிறது. அவ்வளவுதான். நெல் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அபராதம் இல்லை, மானியம் இல்லை. துண்டு விழும் என்று தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் முடிவை எடுத்தார்கள். பல இடங்களில் நெல்லின் பரப்பு சுருங்கி, நிலக்கடலைக்கும் பயறுக்கும் காய்கறிக்கும் நிலம் மாறியது.

எல்லா ஊரிலும் அப்படி நடந்துவிடவில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பலகையைத் திரும்பிப் பார்க்காத ஊர்களும் உண்டு. திட்டத்தின் பணமும் ஆட்களும் விலகியதும் நாடா மூலைக்குப் போன ஊர்களும் உண்டு. ஆனாலும் இந்தியாவில் நிலத்தடி நீர் பற்றி நடந்த சோதனைகளில் எனக்கு அதிக மரியாதை இதன் மேல்தான். அந்த டிரம்மின் துல்லியம் கிரேஸ் செயற்கைக்கோளின் காலடியில் நிற்காது. ஆனால் அது அளந்தது மோட்டாரை. அளந்தவனே அதன் சுவிட்சையும் வைத்திருந்தான்.

2018இல் பஞ்சாப் வேறொரு வழியைப் பிடித்தது. இலவசத்தை நிறுத்தவில்லை. மீட்டர் மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் விவசாயிக்கு ஒரு மின்சார ஒதுக்கீடு. அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் விழும். அளப்பவன் கேட்பான் என்ற பழைய பயத்தை, அளப்பவன் கொடுப்பான் என்று திருப்பிப் போட்ட தந்திரம். மேற்கு வங்கம் அதற்கும் முன்பே விவசாய மோட்டார்களுக்கு மீட்டர் மாட்டியது. 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் 6,000 கோடி ரூபாயில் ஏழு மாநிலங்களின் பஞ்சாயத்துகளுக்கு நீர் வரவுசெலவுத் திட்டம் போடக் கற்றுத்தந்தது. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது அந்நிய வித்தையும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. மடையைத் திறக்கவும் முறை வைத்துப் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்றொருவர் ஊர்தோறும் இருந்தார். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது கரையில் நின்றால் எல்லோருக்கும் தெரியும். யார் வயலுக்குப் போகிறது என்பதும் தெரியும். நிலத்தடி நீரில் இரண்டும் தெரியாது. கமலை இறைத்த காலம் வரை மாட்டின் களைப்பு ஓர் அளவாக இருந்தது. சுவிட்சுக்குக் களைப்பில்லை.

*

பல்லடத்துத் தோட்டத்தில் அளந்தவர் நோட்டை மூடிப் பையில் வைத்த பிறகு, தோட்டக்காரர் கேட்டார்:

"எத்தனைங்க வந்துச்சு?"

"இருபத்திரெண்டு நாப்பத்தஞ்சுங்க."

"அடியில சொல்லுங்க தம்பி."

செல்போனில் தட்டிப் பார்த்தார். "எழுபத்துநாலு வருதுங்க."

"போன சித்திரையில அறுபத்தெட்டு."

எப்படிங்க தெரியும் என்று நான்தான் கேட்டேன். மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். உள்சுவரில் கரிக்கட்டியால் எழுதிய எண்கள் வரிசையாக இறங்கியிருந்தன. தை, சித்திரை, ஆடி என்று மாதப் பெயர்கள். அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் சொன்னதைக் கேட்டு எழுதியவை. இடையில் கயிற்றில் கல்லைக் கட்டி அவரே போட்டுப் பார்த்ததும் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார், வித்தியாசம் தெரிவதற்காக. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து 74 என்று எழுதினார்.

அதே சுவரில், கையெட்டும் உயரத்தில், ஒரு போர் வண்டி ஏஜெண்டின் பெயரும் செல் நம்பரும் சிவப்புப் பெயிண்டில் இருந்தன. கரியெழுத்து இறங்கி வந்து அதன் மேல் முட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முறை எழுத இடம் வேண்டுமானால் ஒன்று அந்த நம்பரை அழிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுவருக்குப் போக வேண்டும். வெளியே தோப்பில் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.